சரபோஜி மன்னரும் கண் மருத்துவ ஏடுகளும்

காவிரிப் படுகையின் நெல்வயல் ஊர்களில் கண்ணுக்கு வரும் கேடு பெரும்பாலும் வயலிலிருந்தே வரும். அறுவடையில் குனிந்து நிமிரும்போது நெற்கதிரின் கூர்நுனி விழியில் உரசும். களத்தில் தூற்றும்போது பதரும் சுனையும் இமைக்குள் புகும். கீறல் சிறிதாயினும் அதன் வழியே பூஞ்சைக் கிருமி நுழைந்து கருவிழியைப் புண்ணாக்கும். புண் ஆறினாலும் வெண்பூ விழுந்துவிடும். அதற்குத் தப்பியவரையும் முதுமையில் புரை பற்றிக்கொள்ளும். தஞ்சையிலிருந்து மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை வரை செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கும் இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த உழவர்க்கு இவை புதியன அல்ல. திருத்துறைப்பூண்டியில் கோயில் கொண்ட இறைவனுக்கே பிறவி மருந்தீசர் என்று பெயர். மருந்தின் அருமையை நன்குணர்ந்த மக்கள் வாழ்ந்த நாடு அது.

அந்நாட்டை அக்காலத்தில் பெயரளவில் ஆண்ட மன்னர் ஒருவர், குடிமக்களின் நோயுற்ற கண்களை ஓவியராகக் கொண்டு வண்ணத்தில் தீட்டச் செய்து, அவர்தம் நோய் வரலாற்றையும் எழுதுவித்து வைத்தார். அவரே தஞ்சை மராட்டிய அரசர் இரண்டாம் சரபோஜி. சரசுவதி மகால் நூலகத்தை நினைக்கும்போதெல்லாம் அவர் பெயரை நாம் நினைக்கிறோம். ஆயினும் அந்நூலகத்தினுள்ளேயே உறங்கிய கண் மருத்துவ ஏடுகளைப் பற்றி நம்மவருள் அறிந்தோர் சிலரே.

சரபோஜி 1777ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் பிறந்தார். அரசர் துளஜாஜிக்குப் பிள்ளைகள் நிலைக்கவில்லை. ஆதலால் போன்சலே மரபிற் பிறந்த இச்சிறுவரை 1787இல் தமக்குப் பின் அரசுரிமை பெறும்படி தத்தெடுத்துக்கொண்டார். அவ்வாண்டிலேயே துளஜாஜி மறைந்தார். அவர்தம் தம்பி அமரசிங்கு, தத்து செல்லாது என்று வாதிட்டு அரியணை ஏறினார். ஒன்பது வயதுச் சிறுவர் அரண்மனையில் காவலில் வைக்கப்பட்டார். வெளியுலகைக் காணவும் கல்வி பெறவும் அவருக்கு வழியில்லாது போயிற்று.

அச்சிறுவரை மீட்டவர் தஞ்சையில் சமயப் பணி ஆற்றிய செருமானியப் பாதிரியார் சுவார்ட்ஸ். துளஜாஜி இறக்குந்தறுவாயில் பிள்ளையை இவரிடமே ஒப்படைத்திருந்தார். சுவார்ட்ஸ் கம்பெனி அதிகாரிகளிடம் ஓயாது முறையிட்டார். அதன் பயனாக 1793இல் சரபோஜியும் துளஜாஜியின் தேவியரும் சென்னைக்கு அனுப்பப்பட்டனர். அங்கே கெரிக்கே என்னும் மற்றொரு செருமானியப் பாதிரியாரிடம் அவர் பயின்றார். மறுக்கப்பட்ட கல்விக்கு ஈடு செய்வார் போல அவர் கற்ற மொழிகள் பல. மராட்டி, தமிழ், தெலுங்கு, வடமொழி, உருது ஆகியவற்றோடு ஆங்கிலமும் பிற ஐரோப்பிய மொழிகளும் அவருக்கு வசப்பட்டன. தம் ஆசானின் சமயத்தை அவர் தழுவவில்லை. ஆசான்பால் கொண்ட அன்பையும் விடவில்லை. 1798 பிப்ரவரியில் சுவார்ட்ஸ் மறைந்தபின், பிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு சலவைக்கல்லில் நினைவுச் சிற்பம் ஒன்றைச் செய்வித்துத் தஞ்சைத் தேவாலயத்தில் நிறுவினார். இறக்குந்தறுவாயிலுள்ள ஆசானின் அருகே மன்னர் நிற்கும் காட்சியை இன்றும் அங்கே காணலாம்.

வாரிசு வழக்கில் கம்பெனியார் இறுதியில் சரபோஜியின் பக்கம் நின்றனர். 1798 ஜூனில் அவர் அரியணை ஏறினார். ஆயினும் அந்த ஆதரவுக்கு விலை இருந்தது. 1799 அக்டோபரில் செய்த உடன்படிக்கையின்படி தஞ்சை நாட்டின் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குச் சென்றது. மன்னருக்கு எஞ்சியவை தஞ்சைக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகன் பணமும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்குமே. இருபத்திரண்டாம் வயதில் வரி விதிக்கும் உரிமையும் படை நடத்தும் உரிமையும் இன்றி அவர் அரசரானார். அவர் நிலையில் இருந்த வேறு சிற்றரசர் பலர் அக்காலத்தில் கேளிக்கையிலும் கடனிலும் அழிந்தனர். சரபோஜி நூல்களையும் கருவிகளையும் வாங்கினார்.

கம்பெனியிடம் அவர் விட்டுக்கொடுக்க மறுத்த உரிமை ஒன்று உண்டு. அது சத்திரங்களைப் பற்றியது. இராமேசுவரம் செல்லும் வழி நெடுகிலும் அவர் முன்னோர் கட்டிய சத்திரங்கள் இருந்தன. அவற்றின் வருவாய் நிலங்களைக் கம்பெனி எடுத்துக்கொள்ளக்கூடும் என்ற அச்சம் எழுந்தபோது, 1801இல் தஞ்சையிலிருந்த ஆங்கிலப் பிரதிநிதிக்கு அவர் நீண்ட மடல் ஒன்று வரைந்தார். வருவோர் யாவர்க்கும் சாதி வேறுபாடு பாராமல் அங்கே உணவளிக்கப்படுவதையும், பிள்ளைகட்குக் கல்வி புகட்டப்படுவதையும், நோயுற்றவரைக் கவனிக்கவும் நச்சுக்கடிக்கு மருந்திடவும் மருத்துவர் அமர்த்தப்பட்டிருப்பதையும், வழியில் இறந்தோர்க்கு ஈமக்கடன் செய்யப்படுவதையும் அம்மடலில் எடுத்துரைத்தார். ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என நால்வகைத் தானம் கூறும் மரபில் வளர்ந்தோர்க்கு இச்சத்திர ஒழுங்கு அயலாகத் தோன்றாது. சத்திரங்கள் மன்னர் பொறுப்பிலேயே விடப்பட்டன. ஒரத்தநாட்டில் முத்தாம்பாள்புரம் சத்திரத்தை அவரே புதிதாக எழுப்பினார்.

மருத்துவத்தில் அவருக்கிருந்த நாட்டம் இந்த அறக்கொடையோடு நின்றுவிடவில்லை. தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தை அவர் அமைத்தார். சித்தம், ஆயுர்வேதம், யுனானி, மேலை மருத்துவம் ஆகிய நான்கிலும் வல்லோர் அங்கே ஒருங்கே பணியாற்றினர். மூலிகைகள் வண்ண ஓவியங்களாகத் தீட்டப்பட்டன. கைகண்ட முறைகளைப் புலவர்கள் தமிழ்ச் செய்யுளாக யாத்தனர். அவை சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் பெயரால் பிற்காலத்தில் நோய்வாரியாக நூல்களாக அச்சேறின. கண்ணோய்க்கெனத் தனியே ஒரு நூலும் அவற்றுள் உண்டு. மனிதர்க்கு மட்டுமன்றி விலங்குகட்கும் அங்கு மருந்து செய்யப்பட்டது.

உடற்கூற்றைக் கற்க எலும்புக்கூடு வேண்டும். இறந்தோர் எலும்பை அரண்மனைக்குள் கொண்டுவருதல் அவர் குல ஒழுக்கத்துக்கு ஒவ்வாதது. 1804இல் தஞ்சைக்கு வந்த ஆங்கிலப் பிரபு வாலென்ஷியாவின் பயணக் குறிப்பு இதற்கு மன்னர் கண்ட வழியைத் தெரிவிக்கிறது. யானைத் தந்தத்தில் மனித எலும்புக்கூடு ஒன்றைச் செய்வித்து இங்கிலாந்திலிருந்து வருவிக்க அவர் விரும்பினார். ஒழுக்கத்தைக் கைவிடவும் அவருக்கு மனமில்லை. அறிவைக் கைவிடவும் மனமில்லை. தந்தமும் ஓர் உயிரிடமிருந்து வருவதே என்பதை அக்காலத்தார் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அக்காலக் கண் மருத்துவம் எந்நிலையில் இருந்தது என்பதை அறிந்தால்தான் அம்மன்னர் செய்தது விளங்கும்.

கண்ணோய்கள் 76 எனச் சுசுருதர் வகுத்தார். சித்த மருத்துவர் 96 என்பர். புரைக்குச் சுசுருத சங்கிதை கூறும் கருவி சலாகை. அது எட்டு விரற்கடை நீளமுள்ள மெல்லிய கோல். வழுவாமல் பிடிக்க இடையில் நூல் சுற்றப்பட்டிருக்கும். முனைகள் மொட்டுப்போல் இருக்கும். செம்பிலோ இரும்பிலோ பொன்னிலோ அதனைச் செய்வர். இடக்கண்ணுக்கு வலக்கையாலும் வலக்கண்ணுக்கு இடக்கையாலும் மருத்துவர் அதனைச் செலுத்த வேண்டும். விழியின் வெண்பகுதியில் குத்தி உள்ளே செலுத்தி, ஒளியை மறைத்து நிற்கும் புரையைக் கண்பாவைக்கு நேரேயிருந்து விலக்கிக் கீழே தள்ளுவதே இதன் நோக்கம். பிற்காலத்தில் ஊர் ஊராகச் சென்ற புரை நீக்குவோர் இம்முறையையே கையாண்டனர். புரை விலகிய அக்கணமே நோயாளிக்கு வெளிச்சம் தெரியும். எதிரே நின்றவரின் விரல்களை எண்ணிச் சொல்வார். ஊரார் வியப்பர். கூலியும் கிடைக்கும். ஆனால் தள்ளப்பட்ட வில்லை கண்ணுக்குள்ளேயேதான் கிடந்தது. நாட்கள் செல்ல அழற்சியும் சீழும் கண்ணழுத்தமும் தோன்றிப் பலர் கண்ணையே இழந்தனர். அதற்குள் புரை நீக்கியவர் அடுத்த ஊருக்குச் சென்றிருப்பார்.

மேலைநாட்டிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை இதே முறைதான். தாவியேல் என்னும் பிரெஞ்சு மருத்துவர் கருவிழியின் கீழ்ப்புறத்தைக் கீறி, புரையை வெளியே எடுக்கும் முறையை வகுத்து 1753இல் வெளியிட்டார். அதன்பின் வியன்னாவின் பேயர் முக்கோண வடிவிலான கத்தியை அமைத்து, ஒரே வீச்சில் கருவிழியைத் திறக்க வழி செய்தார். எனினும் அரை நூற்றாண்டு கடந்தும் தள்ளுவதா எடுப்பதா என்ற வழக்கு ஐரோப்பிய மருத்துவரிடையே தீரவில்லை. மயக்க மருந்து கிடையாது. கிருமி என்னும் கருத்தே பிறக்கவில்லை. நோயாளியின் தலையை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்வார். மருத்துவர் விரைந்து முடிக்க வேண்டும். கண்ணின் உட்புறத்தைக் காணும் கருவி ஒன்றுகூட உலகில் இல்லை. விழித்திரை கெட்டதா, நரம்பு கெட்டதா, வில்லை கெட்டதா என்பதை மருத்துவர் வெளித்தோற்றத்தைக் கொண்டே ஊகிக்க வேண்டியிருந்தது.

இத்தகைய காலத்தில் தஞ்சையில் நோயாளர் ஒவ்வொருவருக்கும் ஏடு எழுதப்பட்டது. அவ்வேடுகளுள் நாற்பதுக்கு மேற்பட்டவை இன்றும் எஞ்சியுள்ளன. நோயாளியின் கண்நிலை, அளித்த மருத்துவம், அதன் விளைவு முதலியன அவற்றில் குறிக்கப்பட்டுள்ளன. அரண்மனையின் வழக்கமான எழுத்து மோடி. இவ்வேடுகளிலோ ஆங்கிலமும் காணப்படுகிறது. மக்பீன் என்னும் ஆங்கில மருத்துவர் மன்னரோடு இப்பணியில் ஈடுபட்டிருந்தார். ஏடுகளோடு கண்களின் வண்ண ஓவியங்களும் உள்ளன. கருவிழியில் படர்ந்த வெண்மையையும், வெண்பகுதியில் சிவந்தோடிய நரம்புகளையும், பாவையில் திரண்ட புரையையும் ஓவியர் நுண்ணிய தூரிகையால் தீட்டியுள்ளனர். தஞ்சை ஓவியம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது பொன் தகடும் மணியும் பதித்த தெய்வத் திருவுருவம். அதே நகரத்துத் தூரிகை இங்கே பெயரறியாக் குடிமக்களின் நோயுற்ற விழியை, உள்ளது உள்ளவாறே, அழகு சேர்க்காமல் வரைந்துள்ளது. புகைப்படம் தோன்றுவதற்கு முன் இதைவிட உண்மையான பதிவு வேறு இருக்க இயலாது. உள்நோக்கும் கருவி இல்லாத காலத்தில், கண்ட கண்ணை மறவாதிருக்கவும் மற்றொரு கண்ணோடு ஒப்பிடவும் அவ்வோவியமே கருவியாயிற்று.

மன்னர் தம் கையாலேயே அறுவை செய்தார் என்பது வழங்கிவரும் செய்தி. அறுவைக் கருவிகள் அடங்கிய பேழையைச் செல்லுமிடமெல்லாம் அவர் கொண்டுசென்றார் என்றும் கூறுவர். மருத்துவரைக் கொண்டு செய்வித்து அருகிருந்து கண்காணித்தார் எனக் கொள்வாரும் உளர். ஏடுகள் ஆங்கிலத்திலும் இருப்பதும், பயிற்சி பெற்ற மருத்துவர் அருகிருந்ததும் இரண்டாவது கருத்துக்கு இடம் தருகின்றன. சலாகையைப் பிடித்த கை எதுவாயினும், பிடித்தபின் நடந்ததை எழுதி வைக்கும்படி ஆணையிட்டவர் மன்னர் என்பதில் ஐயமில்லை. ஊர் ஊராகச் சென்று புரை நீக்கியோர் எவரும் செய்யாத செயல் அதுவே. எழுதி வைத்தால் தோல்வியும் ஏட்டில் ஏறும். நோயாளி திரும்பி வந்து நிற்பார். அதற்கு உடன்பட்டே அவர் அப்பணியைத் தொடங்கினார்.

எழுதி வைத்தல் அவர் இயல்பிலேயே ஊறியிருந்தது. தம் குலத்தின் வரலாற்றை 1803இல் தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் மராட்டி மொழியில் பொறிக்கச் செய்தார். அரண்மனையில் தேவநாகரி அச்சுக்கூடம் ஒன்றை நிறுவினார். 1820இல் ஏறத்தாழ மூவாயிரம் பேர் சூழக் காசி யாத்திரை புறப்பட்டவர், இரண்டாண்டு கழித்துத் திரும்பியபோது சுவடிகளோடும் தாம் நீராடிய படித்துறைகளின் ஓவியங்களோடும் வந்தார்.

1826இல் கல்கத்தாவின் ஆயர் ஹீபர் தஞ்சைக்கு வந்து மன்னரைக் கண்டார். வேதியியலில் லவாசியே, தாவரவியலில் லின்னேயசு முதலியோரின் கருத்துகளை மன்னர் தடையின்றி எடுத்துரைத்தது ஆயரை வியப்பில் ஆழ்த்தியது. அதே மனிதர் குதிரையின் தரமறிவதிலும், அஞ்சாமல் புலியைக் குறிதவறாது சுடுவதிலும் பெயர் பெற்றவர் என்றும் ஆயர் பாராட்டாகவே எழுதி வைத்தார். கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட நம் குடும்பத்தார்க்கு இந்தக் கடைசிப் புகழ் உவப்பாக இராது. விலங்குகட்கும் மருந்து செய்வித்த கையே துப்பாக்கியும் ஏந்தியது என்பதை மறைப்பதால் பயனில்லை.

மன்னர் தஞ்சையில் இவ்வாறு ஆய்ந்துகொண்டிருந்த நாளிலேயே, 1819இல் சென்னையில் கண் மருத்துவமனை ஒன்று கம்பெனியாரால் தொடங்கப்பட்டது. இலண்டனின் மூர்பீல்ட்ஸ் மருத்துவமனைக்குச் சில ஆண்டுகளே இளையதான அது, இன்று எழும்பூரில் அரசு கண் மருத்துவமனையாக விளங்குகிறது. அதன் தலைவராயிருந்த எலியட், புரை தள்ளும் முறையால் கெட்டுப்போன கண்கள் பலவற்றை அங்கே திரட்டி ஆராய்ந்து, அம்முறையின் தீங்கைப் பற்றி நூலொன்றை 1918இல் வெளியிட்டார். கண்ணழுத்த நோய்க்கு விழியின் ஓரத்தில் நுண்துளையிடும் சிறு கருவியையும் அவரே அமைத்தார். அது அவர் பெயராலேயே உலகெங்கும் வழங்கிற்று. தஞ்சை ஏடுகள் ஒவ்வொரு கண்ணாகத் தேடியதை எலியட் நூற்றுக்கணக்கான கண்களில் தேடினார். ஆயினும் தமக்கு முன் தஞ்சையில் ஒருவர் கண்களைத் தீட்டி வைத்திருந்ததை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஏடுகள் அரண்மனையை விட்டு வெளிவரவில்லை.

சரபோஜி 1832 மார்ச் 7ஆம் நாள் மறைந்தார். அவர் மைந்தர் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறக்கவே, எஞ்சியிருந்த அரச உரிமையும் கம்பெனியால் முடித்துவைக்கப்பட்டது. நூலகம் மட்டும் தப்பிற்று.

மன்னர் மறைந்து 19 ஆண்டுகள் கழித்து, 1851இல், செருமனியின் எல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைக் காட்டும் கருவியை அமைத்தார். ஒளியைச் சாய்வாடியால் பாவைக்குள் செலுத்தி, விழித்திரையிலிருந்து அது மீள்வதை நோக்கும் எளிய அமைப்பு அது. அதுவரை ஊகமாக இருந்தது அன்று காட்சியாயிற்று. 1884இல் கொல்லர் என்பவர் கொக்கெயின் சொட்டினால் கண் மரத்துப்போவதைக் கண்டறிந்தார். நோயாளியை அழுத்திப் பிடிக்கும் கொடுமை ஒழிந்தது. 1911இல் குல்சுட்ராண்டின் பிளவொளி விளக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் புகுந்த செயற்கைக் கண்ணாடிச் சில்லுகள் அழற்சி விளைவிக்காது கிடந்ததைக் கண்ட ரிட்லி, அவ்வகைப் பொருளிலேயே வில்லை செய்து 1949இல் இலண்டனில் ஒரு நோயாளியின் கண்ணுக்குள் பொருத்தினார். புரையெடுத்தபின் தடித்த கண்ணாடி அணிந்து தடுமாறிய நிலை அதனால் மாறிற்று. அயல்நாட்டில் விலை மிகுந்திருந்த அவ்வில்லையை 1992 முதல் மதுரையிலேயே செய்யத் தொடங்கியபின், அது தமிழகத்துச் சிற்றூர் உழவருக்கும் எட்டுவதாயிற்று. இன்று புரை அறுவைக்குச் செல்பவர் பெரும்பாலும் அன்றே இல்லம் திரும்புகிறார்.

சரசுவதி மகால் 1918இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதன்பின்னும் கண் மருத்துவ ஏடுகள் பல்லாண்டுகள் கவனிப்பாரின்றியே இருந்தன. வடமொழிச் சுவடி தேடி வந்தோரும் தமிழ்ச் சுவடி தேடி வந்தோரும் அவற்றைக் கடந்து சென்றனர். மோடி எழுத்தைப் படிக்க வல்லாரும் அருகினர். 2003ஆம் ஆண்டில் சென்னை சங்கர நேத்ராலயாவை நிறுவிய மருத்துவர் பத்ரிநாத்துக்கும் சரபோஜியின் வழித்தோன்றல் ஒருவருக்கும் நிகழ்ந்த உரையாடலின்போதே இவ்வேடுகளின் அருமை மருத்துவ உலகுக்குத் தெரியவந்தது. அம்மருத்துவமனையைச் சேர்ந்த கண் மருத்துவர்கள் ஏடுகளை ஆராய்ந்து ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டனர். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஓவியர் தீட்டிய கண்ணைப் பார்த்து, இக்கால மருத்துவர் அந்த நோய் இன்னதென்று பெயர் சொல்ல முடிந்தது.